ஒரு அட்டைத் துண்டுக்கு என்ன விலை? தபாலும் காப்பீடும் சேர்ந்து நடந்த கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு நாம பேசப்போறது உள்ளங்கைக்குள்ள அடங்குற ஒரு அட்டையைப் பத்தி. முன்பக்கம் ஒரு விளையாட்டு வீரரோட படம், பின்பக்கம் அவரைப் பத்தி நாலு வரி. பபிள்கம்மோட வந்த கிரிக்கெட் வீரர் படங்களைச் சேர்த்தவங்க, ட்ரம்ப் கார்டு விளையாடினவங்க எல்லாருக்கும் இது பழகின சமாச்சாரம்தான். ஆனா அமெரிக்காவுல இந்த மாதிரி ஒரு பேஸ்பால் கார்டு 2022 ஆகஸ்ட்ல ஏலத்துக்கு வந்து 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போச்சு. ரூபாய் இல்ல, டாலர்.

அவ்வளவு விலை போற கார்டுகள் ரொம்பக் கம்மி. ஆனா 500 டாலர், 5,000 டாலர் கார்டுகள் தினமும் கை மாறுது. வாங்குறவர் ஒரு மூலையில, விக்கிறவர் இன்னொரு மூலையில. நடுவுல தபால்தான். கார்டு வழியில தொலைஞ்சா யார் பணம் தருவாங்க? எவ்வளவு தருவாங்க? இந்த ‘எவ்வளவு’ இருக்கே, அதுதான் இன்றைய எபிசோட். அதுக்குப் பதில் தேட 1855க்குப் போகணும்.

பொறுப்பேற்காத பதிவு

அன்றைய அமெரிக்காவில் பணத்தை ஊர் விட்டு ஊர் அனுப்ப வேண்டுமென்றால், நோட்டைக் கடிதத்துக்குள் மடித்து வைத்து அனுப்புவதே வழக்கம். தபால் மணியார்டர் வந்ததே 1864இல்தான். உள்ளே காசு இருப்பது வெளியே தெரிந்தால் கடிதம் ஊர் போய்ச் சேராது. இதற்குத் தீர்வாக 1855 ஜூலை 1 முதல் பதிவுத் தபால் வந்தது. கட்டணம் 5 சென்ட்.

இங்கதான் ஒரு வேடிக்கை. அந்தச் சட்டத்திலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: பதிவு செய்த கடிதம் தொலைந்தாலும் தபால் துறை பொறுப்பேற்காது. அப்ப அந்த 5 சென்ட் எதுக்கு?

சாட்சிக்கு. கடிதம் எந்த ஆபீசுக்கு வந்தது, யார் கையில் வாங்கினார், யாரிடம் கொடுத்தார் என்று ஏட்டில் பதிவாகும். தொலைந்தால் எந்தக் கையில் தொலைந்தது என்று தேடலாம். பணம் திரும்பி வராது, திருடன் மாட்டலாம். நம்ம ஊர்ல முக்கியமான காகிதம்னா ‘ரிஜிஸ்டர் தபால்ல போடு’ன்னு பெரியவங்க சொன்னதும் இதே நம்பிக்கையிலதான். போய்ச் சேர்ந்ததுக்கு ஒரு கையெழுத்து வேணும்.

தொலைந்த பதிவுத் தபாலுக்கு அமெரிக்கத் தபால் துறை இழப்பீடு தர முன்வந்தது 1890களின் இறுதியில்தான். அதுவும் ஆரம்பத்தில் அதிகபட்சம் 10 டாலர். நாற்பது வருடம் வெறும் சாட்சியாக இருந்த துறை, அப்போதுதான் முதல் முறையாகப் பொறுப்பாளியும் ஆனது.

ஐம்பது டாலர் குழந்தை

அடுத்த கட்டம் 1913 ஜனவரி 1. அன்றுதான் அமெரிக்காவில் பார்சல் தபால் தொடங்கியது. அதுவரை பெரிய பொட்டலங்கள் தனியார் எக்ஸ்பிரஸ் கம்பெனிகள் வழியாகவே போய்க்கொண்டிருந்தன. இப்போது 11 பவுண்டு வரை தபால்காரரே வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுப்பார். கூடவே காப்பீடும் உண்டு. 10 சென்ட் கட்டினால் 50 டாலர் வரை உத்தரவாதம்.

சேவை தொடங்கிய அதே மாதம் ஒஹையோவில் ஒரு தம்பதி தங்கள் எட்டு மாதக் குழந்தையைப் பாட்டி வீட்டுக்குப் பார்சலில் அனுப்பினார்கள். நிஜமாத்தாங்க. பாட்டி வீடு சுமார் ஒரு மைல் தூரம். குழந்தையின் எடை 11 பவுண்டுக்குக் கொஞ்சம் கீழே. தபால் தலை 15 சென்ட். காப்பீடு 50 டாலருக்கு. தெரிந்த தபால்காரர், கையில் தூக்கிக்கொண்டு போய்ப் பத்திரமாகச் சேர்த்தார். அப்புறம் இன்னும் சிலரும் இப்படிச் செய்யவே, ‘இனி மனிதர்களைத் தபாலில் அனுப்பக்கூடாது’ என்று துறை தடை போட வேண்டியதாயிற்று.

இதைச் சிரிப்புக்காக மட்டும் சொல்லல. அந்த 50 டாலர் அந்தக் குழந்தையோட விலையா? இல்லவே இல்ல. அது துறை ஏற்றுக்கொண்ட உச்சவரம்பு, அவ்வளவுதான். காப்பீடு பொருளைக் காப்பாத்துறது கிடையாது. பொருளுக்குப் பக்கத்துல ஒரு எண்ணை எழுதி வைக்குது, பொருள் போனா அந்த எண்ணைத் தருது. அந்த எண்ணுக்கும் பொருளுக்கும் என்ன உறவு? இந்தக் கேள்வியை மனசுல வச்சுக்கோங்க.

தபாலில் போன வைரம்

இந்த ஏற்பாட்டின் மேல் எவ்வளவு நம்பிக்கை வளர்ந்தது என்பதற்கு இரண்டு உதாரணங்கள். 1937இல் அமெரிக்க அரசு தன் தங்கத்தை கென்டக்கியில் உள்ள ஃபோர்ட் நாக்ஸ் பெட்டகத்துக்கு மாற்றியபோது, அந்தத் தங்கம் தபால் துறையின் பொறுப்பில், பதிவுத் தபாலாகவே ரயிலில் போனது.

அடுத்தது 1958 நவம்பர். நியூயார்க் நகைவியாபாரி ஹாரி வின்ஸ்டன், உலகப் புகழ்பெற்ற ‘ஹோப்’ நீல வைரத்தை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார். எப்படி அனுப்பினார்? சாதாரணப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, பதிவுத் தபாலில். மொத்தச் செலவு 145 டாலர் 29 சென்ட். இதில் தபால் கட்டணம் 2 டாலர் 44 சென்ட் மட்டும்தான். மிச்சமெல்லாம் பத்து லட்சம் டாலர் அளவுக்கான காப்பீட்டுக் கட்டணம்.

கணக்கைக் கவனிச்சீங்களா? சுமந்து போற கூலி ரெண்டரை டாலர் கூட இல்ல. பொறுப்புக்கான கூலி அதைவிட ஐம்பது மடங்குக்கு மேல. இத்தனைக்கும் வைரத்தின் மதிப்பைச் சொல்ல அனுப்புபவரே உலகறிந்த வைர வியாபாரி. அந்த எண்ணை யாரும் சந்தேகப்படவில்லை.

ஆனா ஒரு அட்டைத் துண்டுக்கு? அதோட மதிப்பை யார் சொல்றது?

கடலில் கொட்டிய கார்டுகள்

சிகரெட் கம்பெனிகள்தான் இந்தக் கார்டுகளைப் பெரிய அளவில் பரப்பின. பெட்டி வளையாமல் இருக்க உள்ளே ஒரு அட்டை வேண்டும், அதில் ஒரு படம் இருந்தால் வியாபாரத்துக்கும் நல்லது. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட வரிசையில் பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னர் படம் போட்ட கார்டும் ஒன்று. வாக்னர் எதிர்ப்புத் தெரிவித்ததால் அச்சடிப்பதைச் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். சிகரெட் விற்கத் தன் படம் வேண்டாம் என்றாரா, பணம் தரவில்லை என்று கோபமா என்பது இன்றும் பட்டிமன்றம்தான். எஞ்சியவை சில டஜன் கார்டுகளே.

இதையெல்லாம் முறையாகப் பட்டியல் போட்டவர் ஜெஃபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலத்தில் சிராக்யூஸ் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மூட்டுவாதத்தால் அவதிப்பட்டவர். தன் சேகரிப்பை, 3 லட்சத்துக்கும் மேல், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு 1963இல் இறந்தார். இன்று எல்லோரும் சொல்லும் ‘டி206’ என்ற பெயர் அவர் பட்டியலில் வைத்த எண்தான். அந்தப் பட்டியலில் வாக்னர் கார்டுக்கு அவர் போட்ட விலை 50 டாலர். அன்றைய சேகரிப்பாளர்களுக்கு அதுவே மலைப்பு.

இன்னொரு பக்கம், டாப்ஸ் கம்பெனி 1952இல் அச்சடித்த கார்டுகளில் ஒரு பகுதி விற்காமல் கிடங்கில் தேங்கியது. 1960இல் அவற்றைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அந்தக் கார்டுகளை வடிவமைத்த சை பெர்கரே பின்னாளில் சொன்னார். அந்த மூட்டைகளில் மிக்கி மேன்டில் கார்டுகளும் இருந்தன. ஆரம்பத்துல சொன்னேனே, 1 கோடியே 26 லட்சம் டாலர்? அது அந்த வரிசையில தப்பிப் பிழைச்ச ஒரு மேன்டில் கார்டுதான்.

1960இல் குப்பை, 2022இல் கோடி. அப்போ 1960ல ஒருத்தர் இந்தக் கார்டைத் தபால்ல அனுப்பி அது தொலைஞ்சிருந்தா, எவ்வளவு கேட்டிருக்க முடியும்? கேட்கவே தோணியிருக்காது. அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்கள் சாதாரண உறைக்குள் கார்டைப் போட்டு, ‘இதுக்கு அதைக் கொடு’ என்று தபாலிலேயே பண்டமாற்றுச் செய்துகொண்டிருந்தார்கள். விலை என்பது இருவரின் பேச்சு. பேச்சைக் காட்டி இழப்பீடு வாங்க முடியாது.

பிளாஸ்டிக்குக்குள் ஒரு சாட்சி

1979இல் ஜேம்ஸ் பெக்கெட் என்ற புள்ளியியல் பேராசிரியரின் விலைக் கையேடு வந்தது. இப்போது கார்டுக்கு ‘சந்தை விலை’ என்று காட்ட அச்சிட்ட ஒரு பக்கம் கிடைத்தது. ஆனாலும் ஒரு சிக்கல் மிச்சம். கையேட்டில் இருப்பது நல்ல நிலையில் உள்ள கார்டின் விலை. உங்கள் கார்டு நல்ல நிலையில் இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?

1991இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய பிஎஸ்ஏ நிறுவனம் இதற்கு ஒரு வழி செய்தது. கார்டை அனுப்பினால், மூலை, ஓரம், அச்சு எல்லாவற்றையும் பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக்கில் வைத்து மூடி, எண் ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். மேன்டில் கார்டையே எடுத்துக்கோங்க. 9 மதிப்பெண் வாங்கிய ஒரு கார்டு 2021 ஜனவரியில் 52 லட்சம் டாலருக்கு விற்றது. வேறொரு நிறுவனம் 9.5 போட்ட கார்டுதான் மறு வருடம் 1 கோடியே 26 லட்சத்துக்குப் போனது. சந்தையின் போக்கும் சேர்ந்ததுதான், ஆனாலும் அரை மதிப்பெண்ணின் கனம் புரிகிறதல்லவா?

ஆனால் சாட்சியும் தவறலாம். பிஎஸ்ஏ முதல் எண் கொடுத்து 8 மதிப்பெண் போட்டது ஒரு வாக்னர் கார்டுக்கு. 1991இல் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் புரூஸ் மெக்நாலும் சேர்ந்து 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு வாங்கிய கார்டு அது. பின்னர் அதை ஒரு போட்டிக்குப் பரிசாக வைத்தார்கள். 1996இல் அதை வென்றவர் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த ஒரு தபால் ஊழியர்! வரி கட்டக் கட்டுப்படியாகாமல் அவர் அதை ஏலத்துக்கு விட, 6 லட்சத்து 41 ஆயிரத்து 500 டாலருக்குப் போனது. பிறகு பல லட்சங்களுக்குக் கைமாறியது. 2013இல்தான் பில் மாஸ்ட்ரோ என்ற பெரிய வியாபாரி, தன்னிடம் இருந்தபோது அந்தக் கார்டின் ஓரங்களை வெட்டிச் சீராக்கியதை ஒப்புக்கொண்டார். வெட்டிய கார்டுக்கு அந்த மதிப்பெண் கிடைத்திருக்கவே கூடாது. ஏல மோசடிகளுக்காக அவர் மேல் இருந்த குற்றச்சாட்டின் பெயர் என்ன தெரியுமா? தபால் மோசடி.

இன்றைக்கு ஒரு கார்டை அனுப்பினால்

இந்த வரலாறு முழுவதும் இன்றைய விதிகளில் அப்படியே உறைந்திருக்கிறது. அமெரிக்கத் தபாலில் சாதாரணக் காப்பீடு 5,000 டாலர் வரை. பதிவுத் தபால் என்றால் 50,000 டாலர் வரை. பதிவுத் தபாலுக்குப் பழுப்புக் காகித நாடாதான் ஒட்ட வேண்டும், பளபள பிளாஸ்டிக் டேப் கூடாது. ஏன்னா, ஒட்டு வாய் ஒவ்வொன்றிலும் முத்திரை குத்துவார்கள், மை காகிதத்தில் இறங்க வேண்டும். யாராவது பிரித்தால் மை கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். நம்ம ஊர் அரக்கு முத்திரை மாதிரிதான். வேகம் குறைவு. கை மாறும்போதெல்லாம் கையெழுத்து வாங்குவதால் வரும் தாமதம் அது.

தனியார் கூரியர்களில் இன்னொரு குழி உண்டு. ‘டிக்ளேர்டு வேல்யூ’ என்று ஒரு தொகையை எழுதினால் அது காப்பீடு ஆகிவிடாது. அந்தக் கம்பெனி ஏற்கும் பொறுப்பின் வரம்பு மட்டுமே. ஃபெடெக்ஸ் தன் விதிகளில் ஸ்போர்ட்ஸ் கார்டு, நாணயம், தபால் தலை போன்ற சேகரிப்புப் பொருட்களுக்கு அந்த வரம்பை 1,000 டாலரோடு நிறுத்திவிடுகிறது. 8,000 டாலர் என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குபவருக்கு உண்மையில் கிடைக்கக்கூடியது எவ்வளவு என்று யோசிச்சுப் பாருங்க. அதனால்தான் பெரிய வியாபாரிகள் சேகரிப்புப் பொருட்களுக்கென்றே உள்ள தனிக் காப்பீட்டை எடுக்கிறார்கள்.

எந்த வழியானாலும், நீங்கள் கட்டிய காப்பீட்டுத் தொகை முழுதாகக் கிடைக்கும் என்பதல்ல பொருள். அனுப்பிய நாளில் அந்தக் கார்டுக்கு என்ன மதிப்பு என்று நீங்கள் காட்ட வேண்டும். விற்ற ரசீது, ஏலத்தில் அதே மதிப்பெண் கார்டு போன விலை, பிளாஸ்டிக்கில் உள்ள எண் தெரியும்படி எடுத்த படம், பொட்டலம் கட்டும்போது எடுத்த படம். சேதம் என்றால் உறை, அட்டை, பஞ்சு எதையும் தூக்கிப் போடக்கூடாது. 60 நாளுக்குள் கேட்டுவிட வேண்டும். பிளாஸ்டிக்கில் வைக்காத கார்டின் மூலை மடங்கினால் இன்னும் கஷ்டம். அனுப்பும்போதே அந்த மூலை கூர்மையாக இருந்தது என்று சொல்ல உங்களைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

1855இல் 5 சென்டுக்கு விற்றது சாட்சியை மட்டும்தான். பணம் தரும் பொறுப்பு பிறகுதான் வந்து சேர்ந்தது. ஆனால் இன்றும் சாட்சி இல்லாத இடத்தில் அந்தப் பொறுப்பு செல்லுபடியாவதில்லை. கார்டு அனுப்பும் பழக்கம் உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். அம்மாவோட வளையல், தாத்தாவோட கைக்கடிகாரம், பழைய புகைப்பட ஆல்பம் இப்படி ஏதாவது ஒண்ணை என்னைக்காவது அனுப்புவீங்க. கவுண்டர்ல ‘மதிப்பு எவ்வளவு?’ன்னு கேட்பாங்க. வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொல்றதுக்கு முன்னாடி, அதை நாளைக்கு யார்கிட்ட எதைக் காட்டி நிரூபிப்போம்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.