பழவேற்காட்டுக் கட்டம்

வெள்ளிக்கிழமை நண்பகலில் பினாங்கு ஜார்ஜ் டவுனின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை நோக்கிச் செல்லும் மலாய்க்காரர் பலரின் இடுப்பில் விளங்கும் கட்டம் போட்ட வஸ்திரத்துக்கு அவர்கள் மொழியில் ‘காயின் பெலேக்கட்’ என்று பெயர். அந்தப் பெலேக்கட், சென்னைக்கு வடக்கே உப்பேரிக் கரையில் கிடக்கும் நம் பழவேற்காடேயன்றி வேறன்று.

1613-இல் டச்சுக்காரர் அவ்வூரில் கெல்டிரியா கோட்டையைக் கட்டி அமர்ந்ததற்குத் துணியே முதற்காரணம். கீழ்த்திசைத் தீவுகளில் மிளகும் கிராம்பும் கொள்வதற்குச் சோழமண்டலக் கரையின் நெசவே செல்லுபடியான பண்டமாயிருந்தது. 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றிய பின், நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் துறைகளிலிருந்து வந்த, சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இத்துணியை மூட்டை மூட்டையாக இறக்கினார்கள். அவர்கள் பெயரை ஒரு தெரு இன்றும் தாங்கி நிற்கிறது.

நூலுக்கு முன்னதாகவே சாயமேற்றி நெய்வதால் இதற்கு உட்புறம், வெளிப்புறம் என்ற பேதமில்லை. நெடுக ஓடும் கட்டங்களுக்கிடையே ஓரிடத்தில் மட்டும் மாறிவரும் பட்டையை மலாய்க்காரர் ‘கெப்பாலா’ என்பர். நம் சமஸ்கிருதக் ‘கபாலம்’தான் அது. ஆடவர் உடுத்தும்போது அப்பட்டை முதுகுப்புறம் அமைய வேண்டுமென்பது சம்பிரதாயம்.

இதே கரையின் கட்டத் துணி வேறிடங்களில் அடைந்த கதி விசித்திரமானது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் இதை ‘இஞ்சிரி’ என்றழைத்து, கத்திமுனையால் குறிப்பிட்ட இழைகளை மட்டும் அறுத்து உருவி, நெய்தவன் கனவிலும் காணாத புதுக்கோலம் படைத்தார்கள். அமெரிக்காவிலோ 1958-ஐ ஒட்டிச் சென்று சேர்ந்த சென்னைத் துணி, சலவையில் சாயம் கரைந்து ஒன்றோடொன்று கலந்தபோது, அந்தக் குறையையே வியாபாரிகள் குணமாக்கி, சாயம் போவது நிச்சயம் என்று விளம்பரம் செய்தார்கள்; கல்லூரி வாலிபர்கள் நிறம் மங்கிய சட்டையைப் பெருமையாக அணிந்தார்கள். அந்த மோகம் சில ஆண்டுகளில் ஓய்ந்தது. தறிக்குழியில் கால்பதித்து உழைத்தவனுடைய நிறங்களின் நிதானமான ஒழுங்கு, கரைந்து போவதற்காகவே விரும்பப்பட்டது என்பதை எண்ணுகையில் என் மனம் நோகிறது.

பினாங்கில் அத்துணி மோகமாக நில்லாமல் வழக்கமாகவே வேரூன்றிவிட்டது. வீட்டில் உறங்குவதற்கும் தொழுகைக்கும் அதுவே உடை. கடைக்கு வரும் மலாய்ப் பெரியவர் மடிப்பை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து இழையின் நெருக்கம் பார்த்து, ‘பெலேக்கட்’ என்று வாய்நிறையச் சொல்கிறார்; கைலியென்றும் சாரமென்றும் வழங்கும் நாம்தான் அந்த ஊரின் பெயரை விட்டுவிட்டோம்.