இணையத்தில் படம் ஓடிய கதை



முன்பெல்லாம் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். படச்சுருள் மட்டும் வந்து, படம் காட்டும் இயந்திரம் வராவிட்டால் என்ன ஆகும்? பாய் விரித்துக் காத்திருந்தவர்கள் ஏமாந்து வீடு திரும்ப வேண்டியதுதான். இணையத்தின் வரலாற்றிலும் இப்படி ஒன்று நடந்தது.

இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளுக்கு உலாவி என்று பெயர். தொடக்கக்கால உலாவிகளுக்கு எழுத்தையும் அசையாத படத்தையும் காட்டத்தான் தெரியும். நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் இரண்டாம் பதிப்பில் ஒரு வழி செய்தது. பிறர் ஆக்கிய சிறு மென்பொருளை அதனுள் பொருத்திக்கொள்ளலாம். அதுவே பிளக்-இன், அதாவது செருகுநிரல். 1995-இல் மேக்ரோமீடியா நிறுவனத்தின் ஷாக்வேவ் அவ்வாறு வந்தது. நாம் சொன்ன படம் காட்டும் இயந்திரம் இதுதான்.

அக்காலத்தில் அமெரிக்காவில் ஜானதன் கே என்பவர், பேனாவால் இயங்கும் கணினிகளுக்காக ஓவிய மென்பொருள் ஒன்றைத் தோழர்களோடு செய்திருந்தார். அந்தக் கணினிகள் விலைபோகவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை, அதையே அசையும் படம் ஆக்கும் கருவியாக மாற்றினார். 1996-இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்று அது வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பரில் மேக்ரோமீடியா அதை வாங்கி, ஃபிளாஷ் என்று பெயரிட்டது.

அதன் சிறப்பு என்ன? அப்போது இணையம் தொலைபேசிக் கம்பி வழியே மெல்ல வந்தது. படத்தைப் புள்ளி புள்ளியாக அனுப்பினால் நெடுநேரம் பிடிக்கும். ஃபிளாஷோ, எங்கே கோடு, எங்கே வளைவு, என்ன வண்ணம் என்ற குறிப்பை மட்டும் அனுப்பும். கோலத்தைப் போட்டு அனுப்பாமல், போடும் விதத்தைச் சொல்லி அனுப்புவது போல! நம் கணினியே படத்தை வரைந்துகொள்ளும். ஆகவே, தனியொருவர்கூட வீட்டிலிருந்தே கேலிச்சித்திரமும் விளையாட்டும் ஆக்கி உலகுக்குக் காட்ட முடிந்தது.

ஆனால், சாவி ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. 2005-இல் மேக்ரோமீடியாவை அடோபி வாங்கியது. ஃபிளாஷில் பாதுகாப்புக் குறைகள் அடிக்கடி தென்பட்டன. 2007-இல் வந்த ஐபோனில் அதற்கு இடமில்லை. நாளடைவில் உலாவிகளே அசையும் படத்தைக் காட்டக் கற்றுக்கொண்டன. 2020 டிசம்பர் 31-உடன் அடோபி தன் ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் தன் இயந்திரத்தில் படம் ஓடாதபடியும் தடுத்துவிட்டது. கால் நூற்றாண்டுக் கைவேலை, இயந்திரம் இல்லாத படச்சுருளாயிற்று.

அப்போது கைகொடுத்தவர்கள் தன்னார்வலர்கள். ரஃபிள் என்னும் புதிய இயந்திரத்தை, எவரும் திறந்து பார்த்துத் திருத்தும்படி அவர்கள் ஆக்கினார்கள். அதன் துணையுடன் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் மின் நூலகம் 2020 நவம்பர் முதல் பழைய ஃபிளாஷ் படைப்புகளைக் காட்டி வருகிறது.

நேயர்களே, நம் வீட்டுத் திருமணப் படங்களும் தாத்தா பாட்டியின் குரலும் இன்று கைபேசியில்தானே இருக்கின்றன? பொருளைக் காப்பது மட்டும் போதாது. அதைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேட்டு வைப்போம்.