மாஸ்கோ–வாஷிங்டன் ஹாட்லைன்

பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் தங்கள் தலைநகரங்களுக்கிடையே அமைத்துக்கொண்ட நேரடிச் செய்தித் தொடர்பு. சினிமாவில் காட்டப்படும் சிவப்புத் தொலைபேசி வெறும் கற்பனை, இருந்தது டெலிபிரிண்டர்தான்.

1962 அக்டோபரில், கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது, அமெரிக்க அதிபர் கென்னடிக்குச் சோவியத் தலைவர் குருஷேவ் எழுதிய நீண்ட கடிதம் வந்து சேர்ந்து மொழிபெயர்க்கப்பட ஏறக்குறைய 12 மணி நேரமாயிற்று. வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதர் தோப்ரினின் மாஸ்கோவுக்குத் தந்தி கொடுக்க வேண்டுமானால், வெஸ்டர்ன் யூனியன் பையன் சைக்கிளில் வந்து வாங்கிப் போக வேண்டும். வழியில் யாரிடமாவது அரட்டையடிக்க நின்றுவிடுவானோ என்று பதைத்ததைத் தூதரே பின்னாளில் எழுதியிருக்கிறார். பொறுக்கமாட்டாமல் குருஷேவ் தம் அடுத்த பதில்களை மாஸ்கோ வானொலியிலேயே வாசிக்கச் செய்தார்.

இத்தகைய தாமதங்களைத் தவிர்க்கவே 1963 ஜூன் 20 அன்று ஜெனீவாவில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஆகஸ்ட் 30 அன்று தொடர்பு இயங்கத் தொடங்கியது. கம்பிவழி லண்டன், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி ஊடாகச் சென்றது. மாற்றாக டான்ஜியர் வழியே வானொலித் தடமும் இருந்தது. அவரவர் மொழியிலேயே செய்தி அனுப்பினார்கள். பேச்சை வேண்டுமென்றேதான் தவிர்த்தார்கள்: அவசரத்தில் மொழிபெயர்ப்பாளர் தடுமாறலாம், தலைவருக்கே வாய் தவறலாம், எழுத்தென்றால் யோசிக்க அவகாசம் கிடைக்கும். இயந்திரம் பழுதின்றி இருக்கிறதா என்று மணிக்கொரு தரம் சோதிக்க, அமெரிக்கர்கள் ஷேக்ஸ்பியரையும் ரஷ்யர்கள் செக்காவையும் அனுப்பினர். பின்லாந்தில் ஓர் உழவர் நிலத்தை உழுதபோது கம்பியை அறுத்துவிட்டதும் உண்டு.

முதல் மெய்யான பயன்பாடு 1967 ஜூன் 5, அரபு–இஸ்ரேல் போர் மூண்ட காலை. சோவியத் பிரதமர் கோசிகின் அமெரிக்க அதிபர் ஜான்சனை அழைத்தார். ஆனால் இயந்திரம் இருந்ததோ பெண்டகனில்! அதை வெள்ளை மாளிகையோடு இணைக்கத் தாமே உத்தரவிட நேர்ந்ததாகப் பாதுகாப்புச் செயலர் மக்னமாரா நினைவுகூர்ந்தார். அந்த வாரம் அமெரிக்க உளவுக்கப்பல் லிபர்ட்டியை இஸ்ரேல் தாக்கியபோது, அங்கே விரையும் விமானங்கள் நடந்ததை விசாரிக்க மட்டுமே செல்கின்றன என்று மாஸ்கோவுக்கு இதன் வழியே தெரிவிக்கப்பட்டது. இத்தொடர்பின் பயன் முழுதும் விளங்கிய தருணம் அதுவே எனலாம்.

1971 டிசம்பரில் வங்கதேசப் போரின்போது அமெரிக்க அதிபர் நிக்சன் சோவியத் தலைவர் பிரெஷ்னெவுக்கு இதில் செய்தி அனுப்பினார். அமெரிக்காவின் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் அப்போது வங்காள விரிகுடாவை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதே ஆண்டு கையெழுத்தான ஒப்பந்தப்படி 1978இல் செயற்கைக்கோள் இணைப்பு வந்தது. 1986இல் சேர்ந்த ஃபேக்ஸ் வசதியால் வரைபடங்களையும் அனுப்ப முடிந்தது. 2008இல் மின்னஞ்சலும் சேர்ந்தது.