சார்ல்ஸ்டன்: குழந்தைகளுடன் ஒரு வரலாற்று உலா

சார்ல்ஸ்டன் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் கரோலினா மாநிலத்தில் அட்லாண்டிக் பெருங்கடலோரம் அமைந்துள்ள பழைமையான துறைமுக நகரம் ஆகும். வண்ண வீடுகள், கோட்டைகள், பீரங்கிகள், கடற்கொள்ளையர் கதைகள் எனச் சிறுவர்களைக் கவரும் பலவும் இங்கு உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் மிகுதியாக இறக்கப்பட்ட துறைமுகமும் இதுவே. இந்த இரண்டையும் ஒரே பயணத்தில் குழந்தைகளுக்குக் காட்டுவது எப்படி என்பதை, என் மகளின் குடும்பத்துடனும் பேரக்குழந்தைகள் இருவருடனும் சென்று வந்த பட்டறிவைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

அமைவிடமும் தோற்றமும்

ஆஷ்லி, கூப்பர் என்னும் இரண்டு ஆறுகளுக்கு இடையில் நாக்குப் போல நீண்டிருக்கும் நிலத்தில் பழைய நகரம் அமைந்துள்ளது. 1670இல் ஆங்கிலேயர் ஆஷ்லி ஆற்றின் மேற்குக் கரையில் முதலில் குடியேறினர். 1680இல் குடியிருப்பு இப்போதைய இடத்துக்கு மாற்றப்பட்டது. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்ல்சின் பெயரால் சார்ல்ஸ் டவுன் எனப்பட்ட ஊர், அமெரிக்க விடுதலைப் போர் முடிந்தபின் 1783இல் சார்ல்ஸ்டன் ஆனது.

முதலில் குடியேறிய இடம் இப்போது மாநிலப் பூங்காவாக உள்ளது. பிள்ளைகள் ஓடியாட அங்கே பரந்த வெளி இருப்பதால் உலாவை அங்கிருந்து தொடங்கலாம். கோடையில் வெயிலும் புழுக்கமும் நம் சென்னையை நினைவூட்டும். எனவே காலையில் நடந்துவிட்டு நண்பகலில் அருங்காட்சியகங்களுக்குள் செல்வது நல்லது. 1773இல் தொடங்கப்பட்ட சார்ல்ஸ்டன் அருங்காட்சியகம் அமெரிக்காவின் முதல் அருங்காட்சியகம் என்று போற்றப்படுகிறது.

வீதிகளில் பார்க்க வேண்டியவை

கிழக்கு விரிகுடா வீதியில் வரிசையாக நிற்கும் 13 வீடுகள் இளஞ்சிவப்பு, மஞ்சள், நீலம் எனப் பல வண்ணங்களில் பூசப்பட்டுள்ளன. இதனை வானவில் வரிசை என்பர். பழைய வீடுகள் பலவும் குறுகிய பக்கத்தைத் தெருவுக்குக் காட்டி, நீளவாக்கில் உள்நோக்கிச் செல்கின்றன. பக்கவாட்டில் தூண்களுடன் நீண்ட தாழ்வாரம் உண்டு. கடற்காற்றை வீட்டுக்குள் வரவழைக்கச் செய்த ஏற்பாடு இது.

சுவர்களில் வட்டமாகவும் நட்சத்திர வடிவிலும் இரும்புத் தகடுகள் தென்படும். 1886 ஆகஸ்டு 31 அன்று நகரைப் பெரிய நிலநடுக்கம் தாக்கியது. விரிசல் கண்ட சுவர்களை இழுத்துப் பிடிக்க வீட்டின் குறுக்கே இரும்புக் கம்பிகள் செலுத்தப்பட்டன. அவற்றின் முனைகளே இத்தகடுகள். எங்கள் பிள்ளைகள் அவற்றை எண்ணிக்கொண்டே நடந்ததில் கால்வலி தெரியவில்லை.

நகரின் தென்முனையில் உள்ள பூங்காவில் பீரங்கிகள் நிறுத்தப்பட்டுள்ளன. 1718இல் கருந்தாடி என்னும் கடற்கொள்ளையன் இத்துறைமுகத்தின் வாயிலை அடைத்து, நகரத்தாரைப் பிணை வைத்து, மருந்துப் பெட்டியை மீட்புப் பொருளாகக் கேட்டான். அதே ஆண்டில் ஸ்டீட் பானெட் என்ற மற்றொரு கொள்ளையன் பிடிபட்டு இந்நகரில் தூக்கிலிடப்பட்டான். 1771இல் கட்டி முடிக்கப்பட்ட பழைய வணிக மாளிகையின் நிலவறையும் சிறுவர்கள் விரும்பும் இடமாகும்.

கோட்டைகள்

துறைமுக வாயிலின் இரு கோட்டைகள் இரண்டு போர்களை நினைவூட்டுகின்றன. 1776 ஜூன் 28 அன்று, சல்லிவன் தீவின் கோட்டையை ஆங்கிலேயக் கப்பற்படை தாக்கியது. பனைக் குடும்பத்தைச் சேர்ந்த பால்மெட்டோ மரக்கட்டைகளையும் மணலையும் கொண்டு அரைகுறையாகக் கட்டப்பட்டிருந்த கோட்டை அது. மென்மையான அக்கட்டைகள் பீரங்கிக் குண்டுகளை விழுங்கிக்கொண்டன. கப்பற்படை பின்வாங்கியது. தென் கரோலினாவின் கொடியில் அந்த மரம் இன்றும் இருக்கிறது. கோட்டையும் அதன் தளபதி பெயரால் மோல்ட்ரி கோட்டை எனப்படுகிறது.

மற்றொன்று படகில் மட்டுமே செல்லக்கூடிய சம்டர் கோட்டை. அடிமை முறையைக் காக்க விரும்பிய தென் மாநிலங்களுள் தென் கரோலினாவே 1860 டிசம்பர் 20 அன்று முதலில் ஒன்றியத்திலிருந்து விலகியது. 1861 ஏப்ரல் 12 விடியற்காலையில் சம்டர் கோட்டை மீது தென்னவர் குண்டு வீசியதில் உள்நாட்டுப் போர் தொடங்கியது.

படகில் செல்லும்போது சொல்ல ஏற்ற கதை ராபர்ட் ஸ்மால்சுடையது. அடிமையாகப் பிறந்த இவர் பிளாண்டர் என்னும் தென்னவர் கப்பலில் வேலை செய்தார். 1862 மே 13 அன்று, வெள்ளை அதிகாரிகள் கரையில் உறங்கிக்கொண்டிருந்த வேளையில், தலைவரின் வைக்கோல் தொப்பியை அணிந்துகொண்டு கப்பலைச் செலுத்தினார். தம் மனைவி மக்களையும் ஏற்றிக்கொண்டு, சம்டர் கோட்டையைக் கடக்கும்போது உரிய ஊதல் ஒலி கொடுத்துத் தப்பி, வடவர் கப்பல்களைச் சென்றடைந்தார். பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார்.

அரிசியும் அவுரியும்

இத்தனை மாளிகைகளைக் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது? முதன்மையாக நெல்லிலிருந்து வந்தது. ஆற்றுச் சதுப்பு நிலங்களைக் கரைகட்டி வயலாக்கியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். அவர்களுள் பலர் மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் பகுதிகளிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள். நெல்லோடு அவுரியும் பயிரானது. 1740களில் எலைசா லூகஸ் என்ற இளம்பெண்ணின் முயற்சியால் இது பரவியது. விடுதலைப் போருக்குப்பின் ஆங்கிலேயரின் மானியம் நின்றதால் கரோலினா அவுரி சரிந்தது. ஆங்கிலேய வணிகர் இந்திய அவுரியின் பக்கம் திரும்பினர். அந்த அவுரி நம் உழவர்க்கு எத்தகைய துன்பம் தந்தது என்பதை வங்காள வரலாற்றில் மாணவர்கள் படித்திருப்பீர்கள்.

நகரச் சந்தையில் புல்லைச் சுருட்டிக் கூடை பின்னும் பெண்களைக் காணலாம். இவர்கள் கல்லா எனப்படும் ஆப்பிரிக்க வழிச் சமூகத்தினர். இக்கூடைகளுள் அகன்று தட்டையாக இருப்பது நெல் புடைக்கப் பயன்பட்டது. நம் முறத்தின் வேலையைச் செய்தது என்றதும் பேத்திக்கு உடனே விளங்கியது.

செங்கல்லில் ஒரு விரல் தடம்

வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் இத்துறைமுகத்தின் வழியே வந்தனர் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்கள் இறக்கப்பட்ட காட்ஸ்டன் துறை இருந்த இடத்தில் 2023இல் பன்னாட்டு ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சால்மர்ஸ் வீதியில் மனிதர்களை ஏலம் விட்ட பழைய அடிமைச் சந்தைக் கட்டடமும் அருங்காட்சியகமாக உள்ளது.

சிறு குழந்தைகளுக்கு இந்த எண்களும் ஏலங்களும் புரிவதில்லை. புரிய வைத்தது ஒரு செங்கல். நகருக்கு அருகில் ஜேம்ஸ் தீவில் உள்ள மெக்லியாட் பண்ணையின் பழைய செங்கற்கள் சிலவற்றில் விரல் தடங்கள் பதிந்துள்ளன. அடிமைகளாக இருந்தவர்கள், சிறுவர்கள் உட்பட, ஈரக் கல்லைப் புரட்டிக் காயவைத்தபோது பதிந்த தடங்கள் அவை. என் பேரன் தன் விரலை அருகில் வைத்துப் பார்த்தான். பிறகு, "தாத்தா, இவன் எத்தனாம் வகுப்பு?" என்று கேட்டான்.

நாற்பதாண்டுகளுக்கு நெருக்கமாக வகுப்பறையில் நின்றவன் நான். ஆனாலும் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதை இக்குடியேற்றத்தின் 1740ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 1834ஆம் ஆண்டுச் சட்டம் வாசிக்கக் கற்பிப்பதையும் தடுத்தது. "இவனைப் பள்ளிக்கு விடவில்லையப்பா" என்றேன். "யாரு விடல?" என்றான். அன்று மாலை வரை எங்கள் பேச்சு அதைப்பற்றியே இருந்தது.

ஆசிரியை செப்டிமா கிளார்க்

அந்தப் பேச்சின் முடிவில் சொல்ல எனக்கு ஒரு நல்ல கதை இருந்தது. செப்டிமா கிளார்க் 1898இல் இந்நகரில் பிறந்தார். இவருடைய தந்தை அடிமையாகப் பிறந்தவர். நகர அரசுப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களை அமர்த்தாத காலம் என்பதால், 1916இல் தம் 18ஆம் வயதில் அருகிலுள்ள ஜான்ஸ் தீவில் பணியேற்றார். அங்கே 132 மாணவர்களுக்கு இரண்டே ஆசிரியர்கள். எதிரில் இருந்த வெள்ளையர் பள்ளியில் மாணவர் 3 பேர். அப்பள்ளி ஆசிரியரின் ஊதியமோ இவருடையதைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமொன்றில் அரசு ஊழியர் உறுப்பினராக இருக்கக்கூடாது என்று மாநிலம் சட்டம் இயற்றியது. சங்கத்தை விட்டு விலக மறுத்த செப்டிமா 1956இல் வேலையையும் ஓய்வூதியத்தையும் இழந்தார். அடுத்த ஆண்டே அவரும், ஈசா ஜென்கின்ஸ், பெர்னிஸ் ராபின்சன் ஆகியோரும் சேர்ந்து ஜான்ஸ் தீவில் முதியோருக்கான குடியுரிமைப் பள்ளியைத் தொடங்கினர். அக்காலத்தில் வாசிக்கத் தெரியாதவர் வாக்காளராகப் பதிவு செய்ய இயலாது. கையெழுத்திடவும், படிவம் நிரப்பவும், சட்டப் பகுதிகளை வாசிக்கவும் அங்கே கற்பித்தனர். இத்தகைய பள்ளிகள் தென் மாநிலங்கள் எங்கும் பரவின. 1976இல் ஆளுநர் அவருடைய ஓய்வூதியத்தை மீட்டளித்தார். 1987இல் அவர் மறைந்தார்.

பெற்றோருக்குச் சில குறிப்புகள்

முதலில் பீரங்கி, படகு, கொள்ளையர் கதைகளைக் காட்டலாம். அவற்றோடு நிறுத்திவிடாமல், இந்த மாளிகையை யார் கட்டினார்கள் என்ற கேள்வியை நாமே கேட்க வேண்டும். கொடுமைகளை விவரித்துக் குழந்தையை அச்சுறுத்தத் தேவையில்லை. ஆனால் பொய்யும் சொல்லக்கூடாது. ஏலத்தை விவரிப்பதைவிட ஒரு செங்கல், ஒரு கூடை, ஒரு தொப்பி போதும்.

சல்லிவன் தீவில், கோட்டைக்கு அருகே கடலை நோக்கி ஒரு எளிய கறுப்பு இருக்கை உள்ளது. அடிமைகளாக வந்தவர்களை நினைத்து அமர ஓர் இருக்கைகூட இல்லையே என்று எழுத்தாளர் டோனி மாரிசன் முன்னர் சொன்னதை ஒட்டி, 2008இல் வைக்கப்பட்டது அது. நடந்து களைத்த பிள்ளைகளோடு நாங்களும் சற்று நேரம் அதில் அமர்ந்திருந்துவிட்டுத் திரும்பினோம்.