கோயிலை விட்டு வந்தால் சோறு யார் போடுவது?

திருவொற்றியூர் தியாகராசர் கோயிலின் 14-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் ஒரு தகராறு பதிவாகியிருக்கிறது. பதியிலார், தேவரடியார் என்று பிரிந்திருந்த கோயில் பெண்களுக்குள் யாருக்கு எந்த வேலை என்ற சண்டை. சாமி பெயரில் ஊழியம், மானியத்தில் பிழைப்பு. பிற்காலத்திலும் இதே கதைதான்: பொட்டை அறுத்தால் நிலமும் போச்சு!

இந்த முடிச்சை அவிழ்த்தது 1929-இல் வந்த சட்டத் திருத்தம். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சி அது. ஊழியம் செய்யாவிட்டாலும் மானிய நிலம் அந்தப் பெண்ணுக்கே. எல்லோரும் 1947 சட்டத்தைப் பற்றியே பேசுகிறார்கள். வரவு செலவு பார்த்தால் இதுதான் பெரிது. ஆனால் நிலமே இல்லாதவர்கள்? முத்துலட்சுமியின் முயற்சியை எதிர்த்து மனு கொடுத்தவர்களில் தேவதாசிகளும் உண்டு. வயிற்றுப் பயம், அதைத் தப்பென்று சொல்லிவிட முடியாது.

மூவலூர் இராமாமிர்தம் (1883–1962) அந்தக் குலத்தில் வளர்ந்தவர். சட்டம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. தன் இசை ஆசிரியர் சுயம்பு பிள்ளையையே மணந்துகொண்டார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1936-இல் 'தாசிகள் மோசவலை' என்று நாவலே எழுதிவிட்டார். 1938-இல் இந்தி எதிர்ப்புக்காகத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தே வந்து சிறைக்கும் போனார், 55 வயதில்!

பொட்டுக்கட்டுவது குற்றம், அந்தப் பெண்கள் செய்யும் திருமணம் சட்டப்படி செல்லும் என்று சென்னை மாகாணம் எழுதிவைத்தது 1947-இல்தான்.