ஹார்டு டிஸ்க் இல்லாத பெட்டி

2007 கோடை. ஏற்காடு ஒண்டிக்கடைக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை. சேலத்தில் பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி வந்து கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர், தரையில் துண்டை விரித்து ஒரு சிபியூவைப் பிரித்துப் போட்டிருந்தார். காப்பித் தோட்டம் ஒன்றின் ஆபீஸ் மெஷின் அது. செக்ரோல் என்கிற வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல், யார் எத்தனை கிலோ பழம் எடுத்தார்கள் என்ற கணக்கு, எல்லாம் அதற்குள்ளேதான். முதல் நாள் இடி மழையில் பவர் சப்ளை கருகியது. கூடவே ஹார்டு டிஸ்கும் போனது. தோட்டத்து ரைட்டர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "தம்பி, பெட்டி போனா போகட்டும். உள்ள இருந்தது வருமா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு என்னிடம் ஒரு செய்தி இருந்தது. சென்னையில் நோவாட்டியம் என்ற நிறுவனம் ஹார்டு டிஸ்கே இல்லாத மேசைக் கணினி ஒன்றைச் செய்திருக்கிறது, பெயர் நோவா நெட்பிசி, விலை நூறு டாலர் அளவில். "இது வந்துட்டா இந்தத் தொல்லையே இல்லண்ணே" என்றேன். அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "ஹார்டு டிஸ்க் இல்லாததுக்குப் பேரு கம்ப்யூட்டரா தம்பி? அது கேபிள் டிவி பெட்டி."

நோவாவைப் பற்றிய மொத்த வழக்கும் அந்த ஒரு வரிக்குள் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அந்தப் பெட்டியின் வேர் ஒரு தொலைபேசிக் கணக்கில் இருக்கிறது. சென்னை ஐஐடியின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா 1990களில் திரும்பத் திரும்பச் சொல்லி வந்த கணக்கு அது. ஒரு வீட்டுக்குத் தொலைபேசி இணைப்புக் கொடுக்க 40,000 ரூபாய் அளவில் முதலீடு வேண்டியிருக்கிறது. அந்த முதலீட்டைத் திருப்பி எடுக்கும்படி மாதக் கட்டணம் வைத்தால், நாட்டில் மிகச் சிலரால்தான் கட்ட முடியும். அதை 10,000 ரூபாய் அளவுக்கு இறக்கினால்தான் ஊருக்கே போன் வரும். பொருளைச் செய்துவிட்டு விலை போடுவது வழக்கம். அவர் தலைகீழாக ஆரம்பித்தார்: ஒரு குடும்பம் மாதம் எவ்வளவு தரும் என்று முதலில் பார்ப்பது, அங்கிருந்து பின்னோக்கி வந்து எந்த மாதிரிப் பொருள் செய்யலாம் என்று முடிவெடுப்பது. இப்படிப் பிறந்ததுதான் கம்பியில்லாத் தொலைபேசி இணைப்பான கோர்டெக்ட். சென்னையின் மைடாஸ் நிறுவனமும் அமெரிக்காவின் அனலாக் டிவைசஸும் அதில் ஐஐடியோடு கைகோத்தன. அனலாக் டிவைசஸை நிறுவியவர்களில் ஒருவரான ரே ஸ்டாட்டா பின்னால் நோவாவுக்கும் பங்காளி ஆனார்.

கோர்டெக்ட் இணைப்பை வைத்து என்-லோக் என்ற நிறுவனம் கிராமங்களில் இணைய மையங்கள் திறந்தது. மதுரைக்குப் பக்கத்தில் மேலூர் வட்டாரம் அதில் பேர்போனது. இணையம் ஊருக்குள் வந்துவிட்டது. அதன் முனையில் இருந்த கம்ப்யூட்டர் என்ன பாடுபடுத்தும் என்பது அப்படி ஒரு மையம் நடத்திய யாருக்கும் தெரியும்: வைரஸ், வோல்டேஜ், தூசி, எறும்பு. மலையில் இந்தப் பட்டியலோடு பூஞ்சையும் சேரும். மாதக்கணக்கில் மூடுபனி உள்ளே வரும் அறையில் எந்த மின் அட்டையும் சமவெளியில் உழைக்கிற அளவு உழைக்காது.

இன்னொரு பக்கம் மும்பையில் ராஜேஷ் ஜெயின். இந்தியாவேர்ல்டு என்ற தம் இணையதளங்களை 1999 நவம்பரில் 499 கோடி ரூபாய்க்கு விற்றவர். வாங்கியது சென்னையின் சத்யம் இன்ஃபோவே. அந்த நாளில் அது நாட்டையே வாய்பிளக்க வைத்த தொகை. அதன்பிறகு அவர் மனம் ஐயாயிரம் ரூபாய்க் கம்ப்யூட்டரைச் சுற்றியே வந்தது. வேலையெல்லாம் செய்ய ஒரு வலுவான சர்வர். அதைச் சுற்றி, திரையும் விசைப்பலகையும் மட்டுமாய்ப் பயன்படும் பழைய கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றிலும் இலவச லினக்ஸ் மென்பொருள். வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் வைத்து யாரும் மின்சாரம் தயாரிப்பதில்லையே, கணினி வேலை மட்டும் ஏன் வீட்டிலேயே நடக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

ஜெயின், ஜுன்ஜுன்வாலா, ஸ்டாட்டா. இந்த மூன்று பேர் சேர்ந்த இடம்தான் நோவாட்டியம். செல்போனில் இருக்கும் வகைச் சில்லு ஒன்றை எடுத்துச் சின்னப் பெட்டியில் வைத்தார்கள். நாம் தட்டும் எழுத்து கம்பி வழியாகச் சர்வருக்குப் போகும். அங்கே வேலை நடந்து, திரையில் தெரிய வேண்டிய படம் மட்டும் திரும்பி வரும். எழுதியது, சேமித்தது எல்லாம் சர்வரில். பெட்டி இடியில் எரிந்துபோனால் இன்னொரு பெட்டியை மாட்டி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மாதச் சந்தா கட்டினால் போதும், பராமரிப்பு அவர்கள் பொறுப்பு.

இது புது யோசனை இல்லை. ஆரக்கிளின் லாரி எல்லிசன் 1995-இலேயே 500 டாலர் நெட்வொர்க் கம்ப்யூட்டர் என்று மேடையேறிச் சொன்னவர்தான். இரண்டு மூன்று வருடத்தில் சாதாரணப் பிசியின் விலையே சரிந்து வந்ததும், குறைந்த விலைக்குக் குறைந்த கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்ட வாங்குபவர்களிடம் அவர் தரப்பில் பதில் இல்லை.

நம் ஊரிலும் அதே கேள்வி நோவாவுக்குக் காத்திருந்தது. சிவ நாடாரும் நண்பர்களும் 1976-இல் தொடங்கிய எச்.சி.எல். புதுச்சேரியில் ஆலை போட்டு லட்சக்கணக்கில் கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்தது. சாதாரண மெஷின் இருபதாயிரத்துக்கு மேல் விற்ற காலம். பத்தாயிரம் ரூபாய்க்குள் கம்ப்யூட்டர் வேண்டும் என்று அப்போதைய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் தயாநிதி மாறன் அழுத்திச் சொல்லிவந்தார். எச்.சி.எல். 2005-இல் 9,990 ரூபாய்க்கு ஒன்றைக் கொண்டுவந்தது. ஹார்டு டிஸ்க், மானிட்டர், லினக்ஸ் எல்லாம் சேர்த்து அந்த விலை. அதே வருடம் துனிஸில் நடந்த ஐ.நா. மாநாட்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபோண்டே, ஏழை நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று நூறு டாலர் மடிக்கணினியைக் காட்டினார். நம் மனிதவள அமைச்சகம் அடுத்த வருடமே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. விற்பனைக்கு வந்தபோது அதன் விலையும் நூறில் நிற்கவில்லை, 188 டாலரைத் தொட்டது.

வாங்க நினைத்த குடும்பத்தின் முன்னால் இப்போது இரண்டு பொருள்கள். ஒன்று, 9,990 ரூபாய்க்கு முழுக் கம்ப்யூட்டர். வேகம் குறைவு, ஆனால் நமக்கே சொந்தம். மற்றது, அதில் பாதி விலைக்கு நோவா; சந்தாவை நிறுத்தினால் அது வெறும் பெட்டி. மாடி அறையில் அண்ணன் சொன்னது இதைத்தான்: "வாங்குறவன் பொருளைத் தொட்டுப் பாக்கணும் தம்பி. மாசாமாசம் கட்டிக்கிட்டே இருந்தா அது வாடகை வீடு." வாடகை வீட்டில் இருப்பவன் ஓடு உடைந்தால் கவலைப்படுவதில்லையே என்று நான் பதில் சொன்னேன். அவர் சிரித்தார், ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு தகப்பனுக்கு முழுப் பொருள்தான் வேண்டும். இது வீம்பு இல்லை. மாதச் சம்பளம் நிச்சயமில்லாத வீட்டில், ஒரு முறை போனஸ் பணத்தில் வாங்கிய பொருள் அடுத்த மாதம் காசில்லாவிட்டாலும் வீட்டில் இருக்கும். சந்தாப் பொருள் இருக்காது. சந்தாவை வகுத்தவர்கள் இந்தப் பயத்தைக் குறைத்து எடைபோட்டார்கள் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் விலையை வைத்து நோவாவை அளந்தவர்கள், நானும் அதில் சேர்த்தி, அதன் நிஜமான பலத்தைப் பார்க்கத் தவறினோம். நூறு டாலர் என்ற எண்தான் தலைப்பில் வந்தது, அதனால் எல்லோரும் மற்ற மலிவுப் பெட்டிகளோடு வைத்துப் பேசினார்கள். நோவா விற்க வேண்டியிருந்தது மலிவை அல்ல. உள்ளே இருப்பது தொலையாது என்ற நிம்மதியை. அந்த ரைட்டரிடம் இப்படிச் சொல்லியிருந்தால், எச்.சி.எல். பெட்டியைவிட அதிக விலை சொன்னாலும் அவர் காது கொடுத்திருப்பார்.

சொல்லியிருந்தாலும் மலையில் அது நடந்திருக்குமா? அங்கேதான் அண்ணன் ஜெயித்தார். 2004 அகலப்பட்டைக் கொள்கை நிர்ணயித்த குறைந்தபட்ச வேகமே நொடிக்கு 256 கிலோபிட். ஒவ்வொரு முறை பக்கம் நகரும்போதும் திரைப் படம் முழுக்க அந்தக் கம்பி வழியாக வந்து சேர வேண்டும். எங்கள் கம்பியோ சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தொங்கி வருவது. காற்றடித்துக் கிளை விழுந்தால் மூன்று நாளைக்குப் போன் கிடையாது. ஹார்டு டிஸ்க் இருக்கும் பெட்டி கம்பி அறுந்தாலும் சம்பளப் பட்டியல் போடும். நோவா இருட்டாகிவிடும். சென்னையிலும் டெல்லியிலும் அகலப்பட்டை இணைப்போடு சேர்த்து நோவாவை வீடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டுக்கு வீடு போய்ச் சேரும் பொருளாக அது ஆகவில்லை.

தமிழ்நாட்டில் கணினி பெருவாரியாக ஏழை வீட்டுக்குள் போனது வேறு வழியில். 2011 செப்டம்பர் 15 அன்று அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. விண்டோஸோடு, நம் நாட்டு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. வீட்டுக்குச் சொந்தமான, ஹார்டு டிஸ்க் உள்ள, முழுக் கம்ப்யூட்டர். அண்ணன் கட்சி. அதே 2011-இல் கூகுள் குரோம்புக் கடைக்கு வந்தது. எல்லாம் சர்வரில், கையில் இருப்பது பெரும்பாலும் திரை மட்டும். அது என் கட்சி. 2016-க்குப் பிறகு டேட்டா மலிவானதும் போன் அந்த இரண்டையும் ஓரமாய் ஒதுக்கிவிட்டது.

அந்தத் தோட்டத்தின் ஆபீஸுக்குப் போன டிசம்பரில் போயிருந்தேன், பழம் எடுக்கும் சமயம். எடைக் கணக்கைப் போனிலேயே பதிகிறார்கள், அது எங்கோ ஒரு சர்வரில் போய் உட்காருகிறது. சிக்னல் போனால் எழுத மேசை இழுப்பறையில் ஒரு நீள நோட்டும் வைத்திருக்கிறார்கள்.

2007-இல் உள்ளே இருந்தது வரவில்லை. அண்ணன் இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டுக் கூலி வாங்காமல் பஸ் ஏறினார். ரைட்டர் மேஸ்திரிகளிடம் மிச்சமிருந்த துண்டுச் சீட்டுகளை வாங்கி மேசையில் அடுக்கினார். சீட்டு இல்லாத நாட்களுக்கு, வேலை செய்த பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "அன்னைக்கு எந்தக் காட்டுல நின்ன, பக்கத்து வரிசையில யாரு?" என்று கேட்டுக் கேட்டு, அந்த மாதச் செக்ரோலை முதலிலிருந்து எழுதினார்.