ஓதத் தெரிந்தவர்கள்: அரபுத்தமிழும் அறிவொளி வகுப்பும்

1991ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக வந்த ஆசிரியர் ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, வீட்டில் உள்ளோரை ஒவ்வொருவராக விசாரித்து எழுதிக்கொண்டிருந்தார். புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரையோரச் சிற்றூர் எங்களுடையது. என் தாயாரின் தாயாரை நாங்கள் நன்னி என்று அழைப்போம். அவருடைய முறை வந்தது. "எழுதப் படிக்கத் தெரியுமா?" என்று ஆசிரியர் கேட்டார். கதவுக்குப் பின்னால் நின்றவாறே நன்னி, "ஓதத் தெரியும்" என்றார். ஆசிரியர் நல்ல மனிதர், சற்றுத் தயங்கினார். "எழுதத் தெரியுமாம்மா?" என்று மீண்டும் கேட்டார். "எழுதப் பழக்கவில்லை தம்பி" என்று பதில் வந்தது. எழுத்தறிவற்றவர் என்று படிவத்தில் பதிவாயிற்று.

அவர்மீது குறை சொல்வதற்கில்லை. அவருக்குத் தரப்பட்ட விதி அதுதான். ஏழு வயதுக்கு மேற்பட்ட ஒருவர், ஏதேனும் ஒரு மொழியைப் பொருள் புரிந்து படிக்கவும் வேண்டும், எழுதவும் வேண்டும். இரண்டும் இருந்தால்தான் எழுத்தறிவு பெற்றவராகக் கணக்கில் வருவார். படிக்க மட்டும் தெரிந்தவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

ஆனால் நன்னி படிக்கத் தெரியாதவர் அல்லர். சுப்ஹுத் தொழுகைக்குப் பின் குர்ஆன் ஓதுவார் என்பதை மட்டும் கொண்டு இதைச் சொல்லவில்லை. பொருள் தெரியாமல் ஓதுவது படிப்பாகுமா என்று ஒருவர் கேட்கலாம். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு அண்டை வீட்டுப் பெண்கள் கூடுவார்கள். அப்போது அவர் விரித்து வைத்து வாசித்த பழுப்பேறிய கிதாபுகள் அரபு எழுத்தில் அச்சான தமிழ் நூல்கள். அவற்றின் ஒவ்வொரு சொல்லும் அவருக்கு விளங்கும். ஒளுவின் ஃபர்ளு எத்தனை, ஜகாத் யார்மீது கடமை, மய்யித்தைக் குளிப்பாட்டும் முறை என்ன என்றெல்லாம் ஊர்ப் பெண்கள் அவரிடம்தான் வந்து கேட்பார்கள். கிதாபைப் பார்த்துத்தான் அவர் பதில் சொல்வார்.

இந்த எழுத்துமுறையைப் பற்றி இளைய தலைமுறைக்குச் சிறிது சொல்ல வேண்டும். அரபுத்தமிழ், அர்வி என்று இரு பெயர்களால் இது வழங்கியது. மொழி தமிழ்; எழுத்து அரபு. அரபு நெடுங்கணக்கில் ப, ட, ண, ள, ழ போன்ற தமிழ் ஒலிகளுக்கு எழுத்தில்லை. எனவே ஒலியால் நெருங்கிய அரபு எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை உண்டாக்கினர். எகர, ஒகர ஒலிகளுக்கும் தனிக் குறிகள் அமைந்தன. குர்ஆன் ஓதுவதற்காக அலிஃப், பே படித்த குழந்தை, இந்தச் சில எழுத்துகளைக் கூடுதலாகக் கற்றுக்கொண்டால் போதும். தன் தாய்மொழியிலேயே மார்க்க நூல்களைப் படிக்கத் தொடங்கிவிடும். காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816-1898) ஃபிக்ஹு நூல்களை இந்த எழுத்தில் எழுதியது, அரபு மொழி அறியாத பொதுமக்களும் பெண்களும் சட்டங்களைத் தாமே படித்து அறிய வேண்டும் என்பதற்காகவே. தமிழகக் கடற்கரையிலும் இலங்கையிலும் கல்லச்சில் இறங்கிய இத்தகைய நூல்கள் வீடு வீடாகச் சென்றன. மாலை, மசலா, கிஸ்ஸா, நாமா என்று அவற்றின் வகைகள் பல.

பள்ளிக்கூடத்தின் வாசலையே மிதிக்காத பெண்கள் இவ்வாறு வாசகர்களானார்கள். ஆயினும் அவர்களிற் பலருக்கு எழுதக் கற்றுக்கொடுக்கப்படவில்லை. வாசிப்பது மார்க்கத்துக்குத் தேவை, எழுதுவது எதற்கு என்பது அக்காலப் பெரியவர்களின் எண்ணம். எழுதத் தெரிந்த பெண் யாருக்கேனும் கடிதம் எழுதிவிடுவாள் என்ற அச்சமும் அதில் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பெண்களுக்கு எழுதக் கற்பிக்காதீர்கள் என்று ஓர் அறிவிப்பையும் சிலர் காட்டுவார்கள். அது புனையப்பட்டது என்று இமாம் தஹபி (ரஹ்) போன்ற ஹதீஸ் கலை மேதைகள் ஒதுக்கிவிட்டனர். அபூதாவூதில் பதிவான செய்தியோ இதற்கு நேர்மாறானது: ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் பேசும்போது, அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு நீர் எழுதக் கற்றுக்கொடுத்தது போலவே இன்ன ஓதிப்பார்த்தலையும் கற்றுக்கொடுக்கலாகாதா என்று கேட்டார்கள். அந்த ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம்தான் பிற்காலத்தில், தொகுக்கப்பட்ட குர்ஆனின் முதற்பிரதி பாதுகாப்பாக இருந்தது. அபூதாவூதுக்கு விரிவுரை எழுதிய இந்திய அறிஞர் ஷம்சுல் ஹக் அழீமாபாதி (ரஹ்), பெண்களுக்கு எழுதக் கற்பிக்கலாம் என்பதை நிறுவுவதற்கென்றே தனி நூல் எழுத வேண்டியிருந்தது. இப்படி ஒரு நூல் தேவைப்பட்டதே அக்காலத்து நிலைக்குச் சான்று.

முதியோர் கல்வி என்றதும் நம் மேடைகளில் பத்ருக் கைதிகளின் செய்தியைச் சொல்வது வழக்கம். பணயத்தொகை கொடுக்க இயலாத கைதிகள் அன்சாரிகளின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றார்கள். பெருமைக்குரிய செய்திதான். ஆனால் அங்கே கற்றவர்கள் சிறுவர்கள். வளர்ந்தவர்களுக்கு எழுத்துக் கற்பித்த வகுப்பைத் தேடுபவர்கள் மஸ்ஜிதுன் நபவியின் திண்ணையைத்தான் பார்க்க வேண்டும். வீடும் வாசலும் இன்றி அங்கே தங்கியிருந்த ஏழை முஹாஜிர்களே திண்ணைத் தோழர்கள். அவர்களில் சிலருக்கு எழுத்தும் குர்ஆனும் கற்றுக்கொடுத்ததாக உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள். மக்காவில் இஸ்லாம் தோன்றியபோது குறைஷிகளில் எழுதத் தெரிந்த ஆண்கள் பதினேழு பேர் என்று வரலாற்றாசிரியர் பலாதுரி குறிப்பிடுகிறார். அப்படிப்பட்ட சமுதாயத்தில் தாடி வளர்ந்தவர்கள் எழுத்துப் பயில உட்கார்ந்தது சிறிய செய்தியன்று. மாணவர்களில் ஒருவர் நன்றியாக ஒரு வில்லை அன்பளிப்புச் செய்தார். பணமல்லவே, அல்லாஹ்வின் பாதையில் எய்ய உதவுமே என்று எண்ணிய உபாதா (ரலி), எதற்கும் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டுவிடலாம் என்று கேட்டார்கள். கிடைத்தது கடுமையான எச்சரிக்கை. அந்த வகுப்பு கூலியின்றியே நடந்தது.

இனி எங்கள் கடற்கரைக்குத் திரும்புவோம். இருபதாம் நூற்றாண்டு தொடங்கியதும் காற்று மாறியது. பா. தாவூத் ஷா அவர்களின் தாருல் இஸ்லாம் போன்ற இதழ்கள் 1920களில் தமிழ் எழுத்தில் முஸ்லிம் வீடுகளுக்குள் வந்தன. ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி (ரஹ்) அவர்களின் குர்ஆன் மொழிபெயர்ப்பு தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. பையன்கள் அரசுப் பள்ளிகளுக்குச் சென்றார்கள். இவை எல்லாம் நன்மையே. ஆயினும் இந்த நன்மைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை நாம் பேசுவதில்லை. அரபுத்தமிழ் மட்டுமே அறிந்த பெண்கள் எதையும் மறக்கவில்லை. அவர்களைச் சுற்றியிருந்த எழுத்து மாறிவிட்டது. வாசகர்களாக இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே எழுத்தறியாதவர்கள் ஆனார்கள்.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. நன்னா பினாங்கில் இருந்த காலத்தில் அவருடைய கடிதங்கள் அரபுத்தமிழில் வரும். நன்னி அவற்றைத் தாமே படித்து, மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வார். அடுத்த தலைமுறையில் என் மாமா வளைகுடாவுக்குச் சென்றார். அவர் பள்ளியில் படித்தவர். தமிழில்தான் எழுதத் தெரியும். மகனின் கடிதத்தை எடுத்துக்கொண்டு நன்னி எதிர்வீட்டுப் பள்ளிப் பையனைத் தேடிப் போவார். யாருக்கு எவ்வளவு கடன், மருமகளுக்கும் மாமியாருக்கும் இடையே என்ன மனத்தாங்கல், எல்லாவற்றையும் அந்தப் பையன் உரக்க வாசிப்பான், தெருவே கேட்கும். இது தெரிந்த மாமா, நாளடைவில் கடிதத்தில் நலம் விசாரிப்பதைத் தவிர வேறெதையும் எழுதாமல் விட்டுவிட்டார்.

இந்த நிலையில்தான் அறிவொளி இயக்கம் வந்தது. 1988இல் மத்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கி, 15 முதல் 35 வயதுக்குட்பட்டோரை இலக்காக வைத்தது. 1990இல் கேரளத்தின் எர்ணாகுளம், நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த வழியில் 1991இல் புதுக்கோட்டையிலும் இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை முன்னின்று நடத்தினார். அறிவியல் இயக்கத்தினர் தோள்கொடுத்தனர். ஊர் ஊராகக் கலைப்பயணங்கள் வந்தன. கற்பித்தவர்கள் ஊதியமில்லாத தொண்டர்கள். பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். திண்ணைத் தோழர்களின் வகுப்பு எனக்கு நினைவுக்கு வருவது இதனால்தான்.

பெரியவர்களுக்குப் பாடம் நடத்துவது குழந்தைகளுக்கு நடத்துவதைப் போன்றதன்று என்பதை அறிவொளி நூலை ஆக்கியோர் அறிந்திருந்தனர். அம்மா, ஆடு என்று அது தொடங்கவில்லை. முதற்பாடத்தின் சொல் 'பட்டா'. நிலத்துக்காக அலுவலகப் படியேறி, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைத்துத் திரும்பியவர்களுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும்.

எழுத்தோடு சைக்கிளும் வந்தது. சைக்கிள் ஓட்டக் கற்ற பெண் யாரையும் எதிர்பாராமல் வகுப்புக்கும் சந்தைக்கும் போவாள் என்று இயக்கத்தினர் கருதினர். 1992இல் ஒரே வாரத்தில் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடங்களில் தம் சைக்கிள் திறமையைக் காட்டினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதினார். கட்டுப்பாடு மிகுந்த குடும்பங்களின் முஸ்லிம் இளம்பெண்களும் அதில் இருந்ததை அவர் குறிப்பிடத் தவறவில்லை. பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். எங்கள் தெருவில் இது பெரிய விவாதமாயிற்று. ஜமாஅத்தில் சிலர் முகம் சுளித்தார்கள்; இரண்டொரு மாதத்தில் அவர்கள் வீட்டுப் பெண்களே ஓட்டினார்கள்.

நன்னிக்கு அப்போது அறுபதைத் தாண்டிய வயது. திட்டத்தின் வயதுக் கணக்கில் அவர் இல்லை. வகுப்பு எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்ததால் கதவோரம் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான்கைந்து நாள் கழித்து, கற்றுக்கொடுத்த பெண்ணிடம், "எனக்கும் ஒரு சிலேட்டு கொடு புள்ளே" என்றார். அந்தப் பெண் பத்தாம் வகுப்பு முடித்தவள், எங்கள் தெருவைச் சேர்ந்தவள், அவளும் ஓதியவள். அது நல்லதாகப் போயிற்று.

எழுத்துகளின் வடிவம் நன்னிக்குக் கடினமாகவே இல்லை. கண்ணுக்கு எழுத்துப் பழக்கம் இருந்தது. இடறிய இடங்கள் வேறு. வரியை வலப்பக்கத்திலிருந்து பிடிப்பார்; விரல் தானாக அங்கேதான் போகும். உயிர்மெய் வந்ததும் மற்றப் பெண்கள் திணறினார்கள். கி, கீ, கு, கூ என்று அட்டவணையை மனப்பாடம் செய்ய வைத்தும் நிற்கவில்லை. நன்னியிடம் அந்தப் பெண் வேறு விதமாகச் சொன்னாள்: "பெரியம்மா, க-வுக்கு ஸேர் போட்டா கி. பேஷ் போட்டா கு. அவ்வளவுதான்." நன்னி சிரித்துவிட்டார். அரபெழுத்தின் மேலும் கீழும் போடும் ஹரக்கத்துதான் இங்கே கொம்பாகவும் சுழியாகவும் வருகிறது என்று விளங்கிய அன்றே பாதி நெடுங்கணக்கு அவர் வசமாயிற்று. கெ, கே என்பவற்றில்தான் சண்டை. பின்னால் வருகிற ஓசையை முன்னால் எழுதுவானேன் என்று கேட்டார். அதற்கு இன்றுவரை எனக்கும் பதில் தெரியாது. ந, ன, ண மூன்றையும் கடைசிவரை மாற்றி மாற்றித்தான் எழுதினார்.

எங்கள் தெருவில் வகுப்புக்கு வந்த எல்லாரும் அவரைப்போல் கற்றார்கள் என்று சொல்ல மாட்டேன். பலர் கையெழுத்துப் போடுவதோடு நின்றார்கள். கைநாட்டு ஒழிந்தது பெரிய காரியந்தான். ஆனால் தன் பெயரை மட்டும் எழுதத் தெரிந்தவர், தான் கையெழுத்திடும் தாளில் இருப்பதைப் படிக்க முடியாவிட்டால், அவருடைய நிலை முன்பைவிட ஆபத்தானது என்றே கருதுகிறேன். கைநாட்டு வைத்தவரிடம் யாராவது வாசித்துக்காட்டுவார்கள், கையெழுத்திட்டவரிடம் அதுவுமில்லை. இயக்கத்தின் வேகம் தணிந்ததும் படிக்கத் தொடர்ந்து நூல் கிடைக்காதவர்கள் கற்றதை மறந்தார்கள். ஓதியிருந்த பெண்கள் மறக்கவில்லை. நாள்தோறும் எழுத்தைப் பார்க்கும் வழக்கம் அவர்களுக்கு முன்பே இருந்தது. எங்கள் ஜமாஅத்தின் மதரஸாவில் அந்தப் பெண்களுக்கென்று வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால் இன்னும் எத்தனையோ பேர் தேறியிருப்பார்கள். அன்று யாருக்கும் அது தோன்றவில்லை.

நன்னி மாமாவுக்கு எழுதிய முதற்கடிதம் நான்கு வரி. வரிகள் இடமிருந்து வலமாகத்தான் இருந்தன; ஆனால் தாளின் பின்பக்கத்திலிருந்து தொடங்கியிருந்தார். அதற்கு மாமா எழுதிய பதில் மூன்று பக்கம். அதை நன்னி எங்கள் எவரிடமும் காட்டவில்லை.

2001இல் மீண்டும் கணக்கெடுக்க வந்தார்கள். இம்முறை வேறோர் ஆசிரியை. "எழுதப் படிக்கத் தெரியுமா பாட்டி?" என்று கேட்டார். நன்னி, "எந்த எழுத்துலம்மா கேக்குறே?" என்றார்.